பெரிய வலைப்பதிவுக் கோப்பைப் பிரித்து இறக்குமதி செய்யும் முறை

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் 2009 முதல் நடத்திவரும் வாசிப்புக் குழுவின் வலைப்பதிவைப் புதிய வழங்கிக்கு (சர்வருக்கு) மாற்ற முனைந்தபோது, வலைப்பதிவு மென்பொருளான வேர்ட்பிரஸ் தந்த ஏற்றுமதிக் கோப்பு 38 மெகாபைட் இருந்தது. புதிய வழங்கி அதை ஏற்கவில்லை. வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பியின் இயல்பு அமைப்பில் பதிவேற்றும் கோப்பின் உச்ச அளவு 2 மெகாபைட், ஒரு நிரல் ஓடும் நேரம் 30 விநாடி. அளவு வரம்பை உயர்த்திக் கோப்பை ஏற்றிவிட்டாலும், நேரம் தீர்ந்து இறக்குமதி பாதியில் நின்றுவிடக்கூடும்.

தமிழில் எழுதுவோருக்கு இந்தத் தொல்லை சீக்கிரமே வரும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் பிடிக்கிறது. 'தமிழ்' என்னும் சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகள் இருப்பதால் அது 15 பைட் ஆகிறது. அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 5 பைட்தான்.

பழைய தளம் இன்னும் இயங்குகிறதென்றால் கோப்பை வெட்டவே வேண்டாம். கருவிகள் பகுதியிலுள்ள ஏற்றுமதிப் பக்கத்தில் இடுகைகளை மட்டும் தேர்ந்து, தொடக்க மாதமும் முடிவு மாதமும் கொடுத்து, ஆண்டுக்கு ஒரு கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். கட்டளை வரி அணுகல் உள்ளவர்களுக்கு வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ என்னும் கருவி இதைத் தானே செய்து தரும். அளவு எதுவும் சொல்லாவிட்டால் 15 மெகாபைட்டுக்கு ஒன்றாகப் பிரிக்கும், ஆகவே உங்கள் வழங்கியின் வரம்பைப் பார்த்து அளவைக் குறைத்துச் சொல்லுங்கள்.

கோப்பு மட்டுமே கையில் இருந்தால் கையால்தான் பிரிக்க வேண்டும். முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, நோட்பேட்++ போன்ற தொகுப்பியில் அதைத் திறந்து பாருங்கள். இடுகை, பக்கம், படம் ஒவ்வொன்றுக்கும் அதில் ஓர் 'ஐட்டம்' (<item>) உண்டு. முதல் வரியிலிருந்து முதல் 'ஐட்டம்' குறிச்சொல்லுக்கு முன்புவரை உள்ளது தலைப்பகுதி. தளத்தின் பெயர், கோப்பு வடிவத்தின் பதிப்பெண், எழுதியோர் பட்டியல், இடுகைகளின் வகைகள், அவற்றுக்கு இட்ட குறிச்சொற்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும். கடைசியில் 'சேனல்' (</channel>), 'ஆர்எஸ்எஸ்' (</rss>) இரண்டையும் மூடும் வரிகள் உள்ளன. நீங்கள் உருவாக்கும் ஒவ்வொரு துண்டிலும் இந்தத் தலையும் வாலும் முழுதாக இருக்க வேண்டும்; பதிப்பெண் வரி விடுபட்டால், இது வேர்ட்பிரஸ் கோப்பே அல்ல என்று இறக்குமதிக் கருவி திருப்பி அனுப்பிவிடும். வெட்டும் இடம் எப்போதும் ஓர் ஐட்டம் முடியும் குறிச்சொல்லுக்குப் (</item>) பின்னாலேயே அமைய வேண்டும். பைட் கணக்கில் வெட்டும் கருவிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அவை இடுகையை நடுவில் அறுப்பதோடு, 3 பைட் கொண்ட எழுத்தையும் உடைத்துவிடக்கூடும். துண்டுகளை யுடிஎஃப்-8 முறையிலேயே சேமித்து, ஒவ்வொன்றையும் உலாவியில் திறந்து பாருங்கள். மூடாத குறிச்சொல் இருந்தால் பிழையுள்ள வரியின் எண்ணை அது காட்டும்.

தாய்ப் பக்கத்தையும் அதன் கிளைப் பக்கங்களையும் ஒரே துண்டில் வைக்க வேண்டும். அதேபோல், முகப்புப் படம் உள்ள இடுகையும் அந்தப் படத்துக்குரிய ஐட்டமும் பிரியக் கூடாது. பிரிந்தால் அவற்றுக்கு இடையிலுள்ள தொடர்பு அறுந்துவிடும்.

படங்கள் இந்தக் கோப்பில் கிடையா. அவற்றின் முகவரிகள்தாம் உள்ளன. இறக்குமதியின்போது இணைப்புக் கோப்புகளையும் (படங்கள் முதலியவற்றையும்) பதிவிறக்கும்படி குறியிட்டால், கருவி பழைய தளத்துக்குப் போய் அவற்றை எடுத்துவரும். எங்கள் பழைய தளத்தின் சந்தா வேலை முடியுமுன்பே தீர்ந்துவிட்டதால், பத்துமலைத் தைப்பூசப் படங்களில் ஓராண்டுத் தொகுப்பு முழுவதும் போய்விட்டது. இன்றும் அந்த இடுகைகளில் வெற்றுக் கட்டங்களைத்தான் பார்க்கிறோம். கடைசித் துண்டு ஏறிப் படங்களைச் சரிபார்க்கும்வரை பழைய தளத்தை உயிரோடு வைத்திருங்கள்.

ஒவ்வொரு துண்டை ஏற்றும்போதும் எழுதியவர் யார் என்று கருவி கேட்கும். முதல் துண்டில் புதிய பயனரை உருவாக்கியிருந்தால், அடுத்தவற்றில் அதே பயனரைப் பட்டியலிலிருந்து தேருங்கள். ஒரு துண்டு பாதியில் நின்றால் அஞ்சாமல் அதையே மறுபடி ஏற்றலாம்; தலைப்பும் தேதியும் ஒத்த இடுகை முன்பே இருந்தால், கருவி அதை மீண்டும் சேர்ப்பதில்லை.