உடைந்த வார்ப்பிரும்பு எந்த வகை? வெல்டிங் ராடை எடுக்கும் முன் கண்டுபிடிக்கும் முறை

மூன்று வருடத்துக்கு முன் வாடிப்பட்டியிலிருந்து ஓர் அண்ணன் வந்தார். கிணற்று மோட்டாரின் கால் உடைந்துவிட்டது என்று இரண்டு துண்டையும் சாக்கில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். கப்பலூர் பக்கம் நான் லேத்தும் வெல்டிங்கும் சேர்த்துப் பட்டறை போட்டு அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. சாதா ராடு போட்டு ஒட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. டீ குடிக்க எழுந்தபோது 'டிங்' என்று ஒரு சத்தம். வெல்டிங் அப்படியே இருக்கிறது, அதை ஒட்டி மயிரிழை போல ஒரு விரிசல்.

"என்ன தம்பி, சட்டி விட்ட மாதிரி சத்தம்?"

புதுக் கால் வரவழைத்துக் கொடுத்தேன், என் காசில். அதற்கப்புறம்தான் வார்ப்பிரும்பில் வகை இருக்கிறது, வகைக்கு வகை வேலை மாறும் என்று உட்கார்ந்து படித்தேன்.

வெல்டிங் பிடிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: எஃகா, வார்ப்பிரும்பா?

காந்தம் வேண்டாம், இரண்டிலும் ஒட்டும். கிரைண்டரில் ஒரு ஓரத்தை வையுங்கள். எஃகில் பொறி நீளமாக, வெளிச்சமாகப் பறக்கும். வார்ப்பிரும்பில் சக்கரத்தை ஒட்டிச் சிவப்பாகக் கிளம்பி, குட்டையாக அடங்கிவிடும். இதற்கு மட்டும் பொறியை நம்பலாம். பொறியை வைத்தே வகையைச் சொல்கிறேன் என்பவர்களை நான் நம்புவதில்லை.

படி 2: உடைந்த முகத்தைப் பாருங்கள்

வார்ப்பிரும்பில் கார்பன் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அந்தக் கார்பன் எந்த உருவத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் வகை.

கரும்சாம்பலாக இருந்து, விரலால் தேய்த்தால் பென்சில் கரி மாதிரி ஒட்டினால் அது கிரே, அதாவது சாம்பல் வார்ப்பிரும்பு. கார்பன் அதில் செதில் செதிலாக, கிராஃபைட்டாக இருக்கிறது. பம்ப் உடல், லேத் பெட், மாட்டுத்தாவணியில் நிற்கிற பஸ்களின் பிரேக் டிரம் எல்லாம் பெரும்பாலும் இதுதான். வரைபடத்தில் எஃப்.ஜி. 200 என்று போட்டிருந்தால், சதுர மில்லிமீட்டருக்கு 200 நியூட்டன் இழுவை தாங்கும் கிரே என்று அர்த்தம்.

வெள்ளி மாதிரிப் பளபளத்தால் வெள்ளை வார்ப்பிரும்பு. கார்பன் முழுக்க இரும்போடு கலந்து கல்லாகியிருக்கும். அரம் போட்டால் வழுக்கும். சிமெண்ட் ஆலையில் அரைக்கிற உருண்டைகள் இந்த இனம்.

நடுவில் கறுப்பு, ஓரத்தில் வெளிர் வளையம் என்றால் மேலியபிள். வெள்ளையாக வார்த்து, 900 டிகிரி வாக்கில் நாள்கணக்கில் சூடேற்றிப் பதப்படுத்தியது. ஜி.ஐ. குழாய்க்குப் போடுகிற எல்போ, டீ எல்லாம் இப்படித்தான் தயாராகின்றன.

கிரேயை விட வெளிறி, நெருக்கமான மணியாகத் தெரிந்தால் எஸ்.ஜி., அதாவது ஸ்பீராய்டல் கிராஃபைட் வார்ப்பிரும்பு. இதில் கிராஃபைட் உருண்டை உருண்டையாக இருக்கும். உருக்கிய இரும்பில் சிறிது மெக்னீசியம் சேர்த்தால் இப்படி ஆகும் என்று 1943இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். கிரேங்க் ஷாஃப்ட், தெருவில் குடிநீருக்குப் பதிக்கிற டி.ஐ. (டக்டைல் அயர்ன், எஸ்.ஜி.க்கே இன்னொரு பெயர்) குழாய் (மேலே கே9 என்று இருக்கும், உள்ளே சிமெண்ட் பூச்சு) எல்லாம் இதுதான். எஸ்.ஜி. 500/7 என்றால் 500 நியூட்டன் இழுவை, உடைவதற்கு முன் 7 சதவீத நீட்சி.

முகம் துருப்பிடித்தோ எண்ணெய் படிந்தோ இருந்தால் ஏமாந்துபோவீர்கள். ஓரத்தில் ஒரு சில்லு புதிதாக உடைத்துப் பாருங்கள்.

படி 3: உளி

என் விருப்பம் இதுதான். அரை அங்குலத் தட்டை உளியும் சின்னச் சுத்தியலும் போதும். ஓரத்தைச் சீவினால் கிரே பொடிப்பொடியாக உதிரும். எஸ்.ஜி.யும் மேலியபிளும் கொஞ்சம் சுருண்டு அப்புறம்தான் பிரியும். வெள்ளையில் உளியின் வாய் போய்விடும், சில்லு கண்ணுக்குப் பறக்கும்.

படி 4: தட்டிக் கேளுங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம். தட்டினால் எஸ்.ஜி. மணி மாதிரி ஒலிக்கும், கிரே 'தொப்' என்று அடங்கும் என்று சொல்வார்கள். நானும் மேஜையில் வைத்துத் தட்டினேன். எல்லாமே தொப். ஒரு டிராக்டர் பாகத்தை அப்படித்தான் கிரே என்று முடிவுகட்டினேன். லேத்தில் ஏற்றினால் கரித்தூள் வரவில்லை, சீவல் துண்டு துண்டாகச் சுருண்டு விழுந்தது. எஸ்.ஜி.

பிசகு மேஜையில்தான். பாகம் எதன் மேலாவது உட்கார்ந்திருந்தால் அதிர்வை அது குடித்துவிடும். கட்டுக்கம்பியில் தொங்கவிட்டு, சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. எஸ்.ஜி. 'ணங்' என்று இழுக்கும். கிரேயில் அந்தச் செதில்களே அதிர்வைத் தின்றுவிடும். லேத் பெட்டைக் கிரேயில் வார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 5: இனி வேலை

கிரே என்றால் நிக்கல் ராடு. விரிசலின் இரு முனையிலும் 3 மி.மீ. துளை போடுங்கள், இல்லாவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். ஓர் அங்குலம் ஒட்டுங்கள், சூட்டோடு சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள், கை வைக்கிற சூட்டுக்கு இறங்கட்டும், அப்புறம் அடுத்த அங்குலம். முடிந்ததும் சாம்பலிலோ காய்ந்த சுண்ணாம்புத் தூளிலோ புதைத்துவிடுங்கள். மின்விசிறியைப் போட்டால் என் கதைதான் உங்களுக்கும்.

எஸ்.ஜி.க்கு நிக்கலும் இரும்பும் கலந்த ராடு. மேலியபிளை உருக்கி ஒட்டினால் அந்த இடம் திரும்ப வெள்ளையாகி நொறுங்கும், பித்தளை வைத்து ஒட்டலாம். எல்போவாக இருந்தால் புதிதே வாங்குங்கள். வெள்ளையைத் தொடாதீர்கள்.

பின்சேர்க்கை 1: தொங்கவிட்டுத் தட்டியும் எஸ்.ஜி. ஒலிக்கவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் பாகத்தில் பெயின்டுக்கு அடியில் இன்னொரு விரிசல் இருந்திருக்கிறது. விரிசல் விட்ட பானை எப்படி ஒலிக்கும்? பெயின்டைச் சுரண்டிவிட்டுத் தட்டுங்கள்.

பின்சேர்க்கை 2: தோசைக்கல்லைப் பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். வார்த்த கல் என்றால் கிரேதான். விரிசல் விட்டதை ஒட்டித் தரச் சொல்கிறார்கள், நான் செய்வதில்லை. அடுப்பில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அதே இடத்தில் மறுபடி விடும். சூட்டோடு தண்ணீர் ஊற்றாமல் இருந்தாலே பாதி கல் பிழைத்துக்கொள்ளும்.