முதலில் எண்ணுங்கள், அப்புறம் ஊதுங்கள்

பள்ளி பேண்டில் ட்ரம்பெட் சொல்லிக்கொடுக்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் இசை எழுதிய தாளை வாங்கியதும் "இது என்ன நோட்டு சார்?" என்றுதான் கேட்பார்கள். எத்தனை எண்ணிக்கை என்று கேட்பவர்கள் குறைவு. ஒருவர் நோட்டைத் தவறவிட்டால் அவரோடு போயிற்று. எண்ணிக்கையைத் தவறவிட்டால் பக்கத்தில் நிற்பவரையும் இழுத்துக்கொண்டு போவார். அதனால் வாத்தியத்தை மடியில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

தொடக்கத்தில் 4/4 என்று இருக்கிறதா? மேலே உள்ள 4, ஒரு பாருக்கு (இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே உள்ள பகுதி) நான்கு எண்ணிக்கை. கீழே உள்ள 4, ஓர் எண்ணிக்கைக்கு ஒரு க்ராட்செட். நோட்டின் உருண்டைதான் தலை. காம்பில்லாத வெற்றுத் தலை செமிப்ரீவ், 4 எண்ணிக்கை. காம்பு வந்தால் மினிம், 2. தலை கறுத்தால் க்ராட்செட், 1. காம்பில் வாலும் முளைத்தால் க்வேவர், அரை.

எல்லோரும் தடுமாறுவது புள்ளியில்தான். தலைக்கு வலப்பக்கம் புள்ளி இருந்தால் அந்த நோட்டின் பாதியைக் கூட்டுங்கள். புள்ளி வைத்த க்ராட்செட் ஒன்றரை. அதன்பின் ஒரு க்வேவர், இரண்டு க்ராட்செட் வந்தால், காலால் நான்கு தட்டிக்கொண்டே "ஒன், டூ-அண்ட், த்ரீ, ஃபோர்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கைதட்டு ஒன், அண்ட், த்ரீ, ஃபோரில் விழ வேண்டும். டூவில் கை சும்மா இருக்கும், கால் மட்டும் தட்டும். இது வரும்வரை ஊத வேண்டாம். புள்ளி தலைக்கு மேலோ கீழோ இருந்தால் அது வேறு: ஸ்டக்காட்டோ, நறுக்கென்று குறுக்கி ஊத வேண்டும்.

ரெஸ்ட்டையும், அதாவது ஊதாமல் இருக்கும் இடத்தையும், எண்ண வேண்டும். நோட்டுகள் எழுதும் ஐந்து கோடுகளில் ஒரு கோட்டிலிருந்து தொங்கும் கட்டை முழு பாருக்கு மௌனம். கோட்டின்மேல் உட்கார்ந்திருப்பது இரண்டு எண்ணிக்கைக்கு.

சரி, இப்போது நோட்டுகள். வரியின் தொடக்கத்தில் இருக்கும் சுருள் குறி ட்ரெபிள் க்ளெஃப். அதன் சுருள் சுற்றியிருக்கும் கோடு, கீழிருந்து இரண்டாவது, ஜி. அங்கிருந்து கோடு, இடைவெளி என்று மேலும் கீழும் எண்ணினால் மற்றவை கிடைத்துவிடும். நடுவில் ஒரு ஷார்ப் (நோட்டை அரைச் சுருதி உயர்த்தும் # குறி) வந்தால், அந்த பார் முடியும்வரை அதே நோட்டுக்கு அது செல்லும். அடுத்த பாரில் செல்லாது.

சுருதி சேர்க்கும்போது மாஸ்டர் "கான்சர்ட் பி ஃப்ளாட்" என்பார். எல்லோருக்கும் ஒலிக்க வேண்டிய சுருதி அது, ஆனால் அதற்கு ஒவ்வொரு வாத்தியமும் சொல்லும் பெயர் வேறாக இருக்கலாம். ஃப்ளூட்டும் ட்ராம்போனும் பி ஃப்ளாட்டையே வாசிக்கும். ட்ரம்பெட்டுக்கும் பி ஃப்ளாட் க்ளாரினெட்டுக்கும் அது சி. ஆல்ட்டோ சாக்ஸஃபோனுக்கு ஜி. உங்கள் வாத்தியத்துக்கு உரியதைப் பென்சிலால் தாளின் மூலையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.