பட்டன் டயரோடு டிராக் ரேஸ்: என் அனுபவம்

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்து மண்பாதைக்காக என் பைக்கில் போட்ட, கட்டை கட்டையாகத் துருத்தி நிற்கும் பட்டன் டயரோடுதான் முதன்முதலில் டிராக் ரேஸுக்குப் போனேன், அதாவது நேர்ப்பாதையில் யார் முந்துகிறார் என்று பார்க்கும் குறுகிய பந்தயத்துக்கு. மண்ணில் அப்படிப் பிடிக்கிற டயர் தாரில் பிடிக்காதா என்ற நினைப்பு. கிளட்சை விட்டதும் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. வண்டி வாலை ஆட்டியது. 402 மீட்டர் ஓட்டத்தில் கிளம்பும்போதே தோற்றாச்சு.

காற்றைக் குறைத்தேன். இன்னும் மோசம். அந்தப் பட்டன்கள் மண்ணுக்குள் புதைந்து பிடிப்பவை. தாரில் நுனி மட்டும்தான் படும், வேகம் கொடுத்தால் ஒவ்வொன்றும் வளைந்து நெளியும். மார்த்தாண்டத்தில் டயர் கடை அண்ணன் பார்த்ததுமே சிரித்தார்: "இது சேத்துக்கு உள்ளதுல்லா மக்கா!"

இரண்டு சக்கரத்துக்கும் பள்ளம் குறைந்த, மென்மையான ரோடு டயர் மாற்றினேன். கிளம்புமுன் பின்டயரைக் கொஞ்சம் சுற்றவிட்டுச் சூடாக்கினேன். அடுத்த ரேஸில் வண்டி நேராகப் பாய்ந்தது. பட்டன் டயர்கள் திண்ணையில் கிடக்கின்றன. மழைக்குத் தோட்டம் போக வேண்டுமே.