வீடியோ மட்டும் சுத்துதா? இன்டர்நெட் கம்பெனி மேல் புகார் கொடுக்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

வீடியோ மட்டும் நின்று நின்று வந்தால், இன்டர்நெட் கம்பெனியே வேண்டுமென்று அதை மெதுவாக்குகிறதோ என்ற சந்தேகம் வரும். எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்று பார்த்து கம்பெனி வேகத்தைக் கூட்டிக் குறைக்கக் கூடாது என்பதுதான் நெட் நியூட்ராலிட்டி. தளத்துக்குத் தளம் கட்டணம் மாற்றுவதை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரியில் தடை செய்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். அடைப்பது, மெதுவாக்குவது, சலுகை வேகம் தருவது மூன்றையும் 2018-இல் தொலைத்தொடர்புத் துறை லைசென்ஸ் நிபந்தனைக்குள் கொண்டுவந்து தடுத்தது.

எது மீறல் ஆகாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டேட்டா தீர்ந்தபின் எல்லாமே மெதுவானால் அது பிளானின் வரம்பு. பெரிய வீடியோ தளங்களின் நகல் இன்டர்நெட் கம்பெனியின் நெட்வொர்க்குக்கு உள்ளேயே வைத்த சர்வரில் இருப்பதால் அவை பறக்கும், சின்னத் தளம் திணறும். சிடிஎன் எனப்படும் இந்த ஏற்பாட்டுக்கு விதியிலேயே விலக்கு உண்டு. பணமுள்ள தளத்துக்கே இதில் லாபம் என்றாலும், புகாரில் இதை எழுதிப் பயனில்லை.

முதலில் நம் பக்கம். வைஃபையை அணைத்துவிட்டு, ஃபைபர் வந்து சேரும் பெட்டியின் லேன் போர்ட்டில் (நெட்வொர்க் வயர் சொருகும் துளை) லேப்டாப்பை கேட்-5ஈ என்ற வகை நெட்வொர்க் வயரால் நேராகச் சொருகுங்கள். 200 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேக அளவு) பிளானில் 95-ஐத் தாண்டவே இல்லையென்றால் வயரின் எட்டு இழையில் ஒன்று போயிருக்கும், அல்லது போர்ட்டே 100-க்கு மேல் தாங்காதது.

அடுத்தது அப்லோடு, அதாவது நம்மிடமிருந்து வெளியே போகும் டேட்டா. திருப்பூர் பனியன் கம்பெனி ஆபீஸ்களில் பலரும் கவனிக்காத இடம் இது. கிளவுடுக்குப் போகும் எட்டு கேமரா, ஒன்றுக்கு 2 எம்பிபிஎஸ் என்றால் 16. மேலே ஒரு டிசைன் ஃபைல் ஏறினால் 20 எம்பிபிஎஸ் அப்லோடு நிரம்பிவிடும். ஃபைல் ஏறும்போது கூகுள் சர்வரான 8.8.8.8-க்கு பிங் (பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் சோதனை) போட்டுப் பாருங்கள். 15 மில்லிசெகண்ட் 300, 400 என்று எகிறினால் பாக்கெட்டுகள் (டேட்டாவின் சின்னத் துண்டுகள்) ரவுட்டரில் வரிசை கட்டி நிற்கின்றன. டவுன்லோடுக்கு நாம் திருப்பி அனுப்பும் ஒப்புகையும் அதே வரிசையில் மாட்டுவதால் வீடியோ நிற்கிறது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் போட்ட ரவுட்டரில், வரிசையைச் சீராக்கும் எஸ்க்யூஎம் என்ற வசதியை ஏற்றி, அளந்து பார்த்த அப்லோடில் 85 முதல் 90 சதவீதத்தை வரம்பாகக் கொடுங்கள். கீழ்பவானி வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதுபோல, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஒவ்வொரு இணைப்புக்கும் அது முறை வைத்து விடும்.

இதெல்லாம் சரி, அப்புறமும் வீடியோ சுற்றுகிறது என்றால் கம்பெனிப் பக்கம் போகலாம். ஊக்லா என்ற வேகச் சோதனைத் தளம் தானாகப் பிடிக்கும் சர்வர் பல நேரம் அதே கம்பெனியுடையது. அதில் தெரிவது கம்பெனி வாசல் வரையிலான வேகம்தான். வேறு கம்பெனி பெயரில் சென்னை, மும்பை சர்வரைத் தேர்ந்து மறுபடி ஓட்டுங்கள். பிறகு ஃபாஸ்ட்.காம் என்ற இன்னொரு வேகச் சோதனை, அதன் டேட்டா நெட்ஃபிளிக்ஸ் சர்வர்களிலிருந்து வருகிறது. காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பதுக்கும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். இரவில் எல்லாச் சோதனையிலும் வேகம் ஒன்றாகக் குறைந்தால் அது நெரிசல், பாகுபாடு இல்லை.

பாகுபாட்டைப் பிடிக்க வெஹே என்ற இலவச ஆப் இருக்கிறது. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கியது. வீடியோ ஆப்பின் டிராஃபிக்கை அப்படியே ஒருமுறையும், அடையாளம் தெரியாதபடி கலைத்து ஒருமுறையும் ஓட்டி ஒப்பிடும். முதலாவது மட்டும் திரும்பத் திரும்ப மெதுவாக வந்தால் சந்தேகத்துக்கு ஆதாரம் கிடைத்தது. விபிஎன் (டேட்டாவை மறைத்து வேறு சர்வர் வழியாக அனுப்பும் ஆப்) ஆனில் இருந்தால் இந்தச் சோதனை செல்லாது. விபிஎன் போட்டதும் வேகம் கூடியது என்பது மட்டும் ஆதாரமும் ஆகாது: பாதை மாறியதாலும் கூடும்.

புகாரை கேபிள்காரரிடம் வாய்மொழியாகச் சொன்னால் "ஏனுங்க, ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க"வோடு முடியும். பில்லில் யார் பெயர் இருக்கிறதோ அந்த லைசென்ஸ் கம்பெனியின் புகார் மையத்தில் பதிந்து டாக்கெட் நம்பர் (புகார் எண்) வாங்குங்கள். "நெட் ஸ்லோ" என்று எழுதாமல் தேதி, நேரம், ஆப், வெஹேயின் இரண்டு ஓட்டத்தின் வேகம், வயரில் அளந்தது என்ற குறிப்பு, ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வையுங்கள். தீர்வு வரவில்லையென்றால் புகாருக்கான கெடு முடிந்த 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கட்டணம் இல்லை, 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் ஆகவில்லையென்றால் தொலைத்தொடர்புத் துறையின் 1063 என்ற ஃபோன் எண், அல்லது மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்பு இணையதளம். தனிநபர் புகாரை டிராய் விசாரிப்பதில்லை, அங்கே அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள்.