நாலு குரலில் என் குரல்

மாற்றலாகி நாகர்கோவில் வந்ததும் பக்கத்துச் சபைப் பாடகர் குழுவில் சேர்ந்தேன். நாலு குரல்களில் ஆல்ட்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல் பாகம், கிடைத்தது. கர்நாடக சங்கீதம் பழகிய காதுக்கு ஒரே மெட்டுதான் தெரியும். மெட்டைப் பாடும் மேல்குரலான சோப்ரானோ சேர்ந்தாலே என் குரல் அவர்கள் பக்கம் ஓடிவிடும்.

பக்கத்தில் நிற்கும் அக்கா சொன்னார்: "சோப்ரானோவை மட்டும் போன்ல பதிவு பண்ணி, கூடவே உன் பாகத்தைப் பாடிப் பாரும்மா." சமையலறையிலேயே பழகினேன். முதலில் டோ ரே மீ, பிறகுதான் வார்த்தை. சுரங்களை டோ ரே மீ எழுத்துகளால் குறிக்கும் டானிக் சொல்ஃபா தாளில் டோ, நம் ‘ச’ போலவே சுருதிக்கேற்ப நகரும், படிக்கச் சுலபம். (மேல்நாட்டு இசைக்குறிப்பு எழுதும் ஐந்து கோட்டுத் தாளை இன்னும் தொடவில்லை.) ஆல்ட்டோவில் ஒரே சுரம் அடிக்கடி நீளும். அதை மெட்டாகத் தேடாமல், சோப்ரானோவுக்கு எவ்வளவு கீழே என்று கவனித்தால் பிடிபடும்.

வரிசை ஓரத்தை விட்டு ஆல்ட்டோக்காரர்கள் நடுவில் நின்றதும் பாதித் தொல்லை போயிற்று. ஈஸ்டர் ஆராதனையில் கடைசிச் சரணத்தில் மட்டும் கொஞ்சம் இழுபட்டேன்.