கிரகரி வாவியும் கல்வேஸ் காடும்: ஒரே காலையில் பறவை பார்ப்பது எப்படி?

நுவரெலியாவுக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் கிரகரி வாவியில் படகேறி, குதிரையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873 இல் அமைக்கப்பட்ட அந்த வாவியின் கரையையும், அங்கிருந்து சற்றுத் தொலைவில் இருக்கும் கல்வேஸ் லேண்ட் தேசியப் பூங்காவையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம் என்பது மலையகத்திலேயே பிறந்து வளர்ந்த பலருக்கும் தெரியாது. 1938 இல் சரணாலயமாகவும் 2006 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட அந்தக் காடு 30 ஹெக்டேயருக்கும் குறைவானதுதான். ஆனால் பறவை பார்ப்பவருக்கு அது போதும்.

ஒக்டோபர் முதல் மார்ச் வரையான மாதங்களைத் தெரிவுசெய்யுங்கள். வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் அப்போதுதான் இங்கே தங்கியிருக்கும். காஷ்மீரின் காடுகளில் குஞ்சு பொரிக்கும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் குளிர்காலத்தைக் கழிக்க நாடி வரும் மிகச் சில இடங்களில் எங்கள் மலைகளும் ஒன்று. ஏப்ரல் வசந்தகாலத்தில் நகரமே சனத்திரளாகிவிடுவதால், அந்த மாதத்தைத் தவிர்ப்பது நல்லது.

விடியும்போதே வாவிக் கரையில் நின்றுவிட வேண்டும். படகு இயந்திரங்களின் இரைச்சல் தொடங்குவதற்கு முன் நீர்க்காகம், முக்குளிப்பான், குருட்டுக் கொக்கு ஆகியவற்றை அமைதியாகப் பார்க்கலாம். பாண் துண்டுகளை நீரில் எறியாதீர்கள். அது பறவைகளுக்கு உணவும் அல்ல, வாவிக்கும் கேடு.

பிறகு காட்டுக்குச் செல்லுங்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் வாயிலில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்ததும், நடையைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். அதிகம் நடப்பவரைவிட அதிகம் நிற்பவரே அதிகம் காண்கிறார் என்பது என் உறுதியான எண்ணம். ஓரிடத்தில் பத்து நிமிடம் அசையாமல் நின்றால், முதலில் வெள்ளைக்கண்ணிகள் கூட்டமாகக் கிளைக்குக் கிளை தாவி வரும். அவற்றைத் தொடர்ந்து மஞ்சள் காதுக் கொண்டைக் குருவியும் வரக்கூடும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் அணிந்த இந்த மலைநாட்டு வெள்ளைக்கண்ணியும் அந்தக் கொண்டைக் குருவியும் இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை.

ஆறுமணிக் குருவியைக் காண நிலத்தைத்தான் பார்க்க வேண்டும். காலையிலும் மாலையிலும் ஆறு மணியை ஒட்டி இரட்டைச் சீழ்க்கையாக அது கூவுவதால் அந்தப் பெயர் வந்தது. சருகுகள் சலசலக்கும் ஒலி கேட்டால் திரும்பாதீர்கள். கண்ணை மட்டும் மெல்ல நகர்த்துங்கள். குட்டை வாலும் பச்சை முதுகுமாக ஒரு சிறு பறவை அலகால் இலையைப் புரட்டி எறிந்து புழுவைத் தேடிக்கொண்டிருக்கும்; அது ஒரு தத்துத் தத்தித் திரும்பும்போதுதான் வயிற்றடியின் செந்நிறம் பளிச்சிடும்.

ஈரமான நாட்களில் அட்டைக்கு ஆயத்தமாகவே செல்ல வேண்டும். காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகி, கொழுந்தெடுக்கும் பெண்கள் செய்வதைப் போலக் காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொள்ளுங்கள். அட்டை கடித்துவிட்டால் பிடித்து இழுக்காமல், அதன் வாய்ப்பக்கத்தில் நகத்தைச் செலுத்தி நெம்பி எடுத்துவிட்டு, கடிவாயைச் சுத்தமான துணியால் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் அதன் உமிழ்நீரில் இருப்பதால் கசிவு நீடிக்கும், பயப்படத் தேவையில்லை.

எட்டு மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி போதுமானது. மங்கலான நிற உடையும், மழைக்கு ஒரு மேலங்கியும் அவசியம். உணவைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் குரங்குகள் பறித்துவிடும்.

காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்களை ஒட்டிய தேயிலை மலைகளில் நடப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பன்றிக்கென வைக்கப்படும் சுருக்குக் கம்பிகளில் சிறுத்தைகள் அகப்படுகின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணியில் அப்படிச் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்துபோனது. கம்பியைக் கண்டால் இடத்தை நன்றாகக் குறித்துக்கொண்டு வனஜீவராசிகள் அதிகாரிகளுக்கு அன்றைக்கே அறிவியுங்கள். விலங்கு அதில் சிக்கியிருந்தால் அருகே போகாமல், ஆட்கள் கூடிச் சத்தமிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது திமிறத் திமிறச் சுருக்கு மேலும் இறுகும்.