குடல் சவ்வின் படமும் பாக்டீரியா அறிக்கையும்: முடிச்சுப் போடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயாப்ஸி (குடல் சவ்விலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) அறிக்கையில் 'லேசான அழற்சி' என்றும், மலப் பரிசோதனைத் தாளில் ஏதோ ஒரு பாக்டீரியா 'அதிகம்' என்றும் இருந்துவிட்டால், இதனால்தான் அது என்று முடிவுகட்டுவதை நாகர்கோவில் பக்கம் நோயாளிகளிடம் மட்டுமல்ல, ஆய்வேடு எழுதும் மாணவர்களிடமும் காண்கிறேன். இரண்டு அறிக்கைகளும் தனித்தனியே சரியாகவே இருக்கலாம். ஆனால் அவை ஒரே இடத்தையும் ஒரே நேரத்தையும் பற்றியவைதானா என்பதை முதலில் கேட்டாக வேண்டும்.

மலத்தோடு வெளியேறும் பாக்டீரியாவும் சவ்வை ஒட்டி வாழும் பாக்டீரியாவும் ஒரே ஆளிடமும் வேறுபடும் என்பதை 2005இல் எக்பர்க் குழுவினர் காட்டினார்கள். பயாப்ஸித் துண்டோ இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான்; பெருங்குடலின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். கிரோன் நோய் என்னும் நாள்பட்ட குடல் அழற்சியில் புண் இடம் விட்டு இடம் வருவதால், சற்றுத் தள்ளி எடுத்திருந்தால் படமே மாறியிருக்கக்கூடும். ஆகவே பாக்டீரியாவுக்கான துண்டை, நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்லைடுக்கான துண்டின் அருகிலேயே எடுத்து, குடலின் எந்தப் பகுதி என்பதையும் குறித்து வைக்க வேண்டும்.

நேரம் தவறுவது இன்னும் எளிது. எண்டோஸ்கோப்பிக்காக மரச்சீனியையும் மீன்கறியையும் நிறுத்தி, கஞ்சித் தண்ணீரோடு இருந்து, லிட்டர் கணக்கில் பேதி மருந்துக் கரைசலைக் குடித்துக் குடலைக் கழுவிய ஒருவரின் மலம், அவருடைய அன்றாடக் குடலைக் காட்டாது. மல மாதிரியை அதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாயால் சொல்லி வாங்கிய வயிற்றோட்ட மாத்திரைகளை யாரும் தாமாகச் சொல்வதில்லை. அவற்றில் ஆன்டிபயாடிக் இருந்ததா என்று நாம்தான் விசாரிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் உறுத்துவது, துண்டு கெடாமல் போட்டு வைக்கும் ஃபார்மலின் திரவத்தின் விஷயம். பெருங்குடலின் சவ்வின் மேல் வழுவழுப்பான சளிப் படலம் உண்டு. அதன் உள்ளடுக்கில் பாக்டீரியா ஏறக்குறைய இல்லை என்பதை 2008இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். நீர் கலந்த ஃபார்மலினில் துண்டைப் போட்டால் அந்தப் படலம் சுருங்கி, பல இடங்களில் காணாமலே போய்விடும். அப்புறம் ஸ்லைடில் பார்த்தால், சளி இருந்த இடம் வெறும் வெளியாக இருக்கும், அல்லது பாக்டீரியா நேராகச் செல்களின் மேல் உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும். 'பாக்டீரியா சவ்வுக்குள் ஊடுருவுகிறது' என்று அதைப் படித்தால், நோயாளியின் குடலில் இல்லாத நோயை நம் ஃபார்மலின் பாட்டிலில் நாமே உண்டாக்கியதாகிவிடும். சளியைக் காண வேண்டுமென்றால், ஆல்கஹால், குளோரோஃபார்ம், அசிட்டிக் அமிலம் கலந்த கார்னாய் திரவத்தில் துண்டைப் போட வேண்டும்; இதை எண்டோஸ்கோப்பி அறைக்குள் போகும் முன்பே தயாராக வைத்திருக்க வேண்டும்.

குடலுக்குள்ளேயே செல்களை உருப்பெருக்கிக் காட்டும் லேசர் எண்டோமைக்ராஸ்கோப்பியில், ஒளிரும் ஃபுளோரசீன் சாயம் கசிவது தெரிந்தால், அந்த இடத்தில் சவ்வின் தடுப்பு பலவீனமாக இருக்கிறது என்பதற்கு மேல் எதையும் சொல்ல முடியாது; எந்த பாக்டீரியா என்று அந்தப் படம் பெயர் சொல்லாது. பாக்டீரியாவின் பெயரை அறிய அதன் டிஎன்ஏவைப் பிரித்துப் பார்க்க வேண்டும். துண்டில் பாக்டீரியா குறைவு என்பதால், டிஎன்ஏ பிரிக்கும் கிட்டிலேயே (வேதிப்பொருள் தொகுப்பிலேயே) கலந்திருக்கும் அயல் பாக்டீரியாவின் டிஎன்ஏகூட முடிவைத் திசைதிருப்பும் (2014இல் சால்ட்டர் குழு இதைக் காட்டியது). ஆகவே மாதிரியே இல்லாத வெற்றுக் குழாய் ஒன்றையும் கூடவே ஓட்டுங்கள். சதவீதக் கணக்கிலும் ஒரு பொறி உண்டு: ஒரு பாக்டீரியா குறைந்தாலே மற்றது கூடினதாகத் தாளில் தெரியும்.

கடைசியாக, எது இயல்பு என்ற கேள்வி. 1960களில் தொடங்கி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் செய்த ஆய்வுகளில், நோயில்லாத தென்னிந்தியர்களின் சிறுகுடல் விரலிகள்கூட (உட்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய மடிப்புகள்) மேலைநாட்டாருடையதைப் போல விரல்வடிவில் இல்லாமல் இலைபோல் அகன்றிருப்பது தெரிந்தது. எனவே லண்டன் பாடநூலின் படத்தை வைத்துக்கொண்டு குளச்சல்காரரின் ஸ்லைடைக் கோளாறு என்று எழுதக் கூடாது. ஒப்பிட வேண்டுமென்றால், அதே சோறும் தேங்காயும் மீனும் சாப்பிட்டு அதே தண்ணீரைக் குடிக்கும், வேறு காரணத்துக்காக எண்டோஸ்கோப்பி செய்துகொள்ளும் குமரி மாவட்டத்துக்காரர்களின் துண்டுகளே பொருத்தம்.